கறுப்பு உரிந்த அப்பச்சட்டி

ஏறாவூர் இஷாம் கலியாணம் முடித்த மறுவருடமே கட்டாருக்குப் போனவர். தோகாவில் ஒரு வாகனப் பட்டறையில் வயரிங் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். ஒரு மாதம் நிற்பார். அந்த மாதம் முழுவதும் வீட்டில் கோழியும் இறாலும் மணக்கும். விருந்தாளிக்குச் செய்வதைப் போல மனைவி சபீனா அவருக்குச் செய்வாள். அவரும் விருந்தாளியைப் போலவே தின்றுவிட்டு, விருந்தாளியைப் போலவே பெட்டி கட்டிக்கொண்டு போய்விடுவார்.

மற்ற நாட்களில் சபீனா வாசலில் அப்பம் சுட்டு விற்றாள். விடியற்காலையில் ஸுபஹ் தொழுதுவிட்டு வருகிறவர்கள் அவளுடைய அடுப்பைச் சுற்றி நிற்பார்கள். செங்கலடிச் சந்தையில் வாங்கிய ஒரே ஒரு வார்ப்பிரும்புச் சட்டிதான் அவளிடம் இருந்தது. வேறு சட்டி வாங்கி அனுப்பட்டுமா என்று இஷாம் பலமுறை கேட்டிருக்கிறார். "இது போதும். உங்கட சாமான் ஒண்டும் வேணாம், நீங்க வந்தாப் போதும்" என்பாள்.

கொரோனாவால் விமானங்கள் நின்றுபோயிருந்த காலத்தில், ஒரு காலை அப்பம் சுட்டுக்கொண்டிருக்கும்போதே சபீனா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மௌத்தாகிவிட்டாள். ஜனாஸா அடக்கத்தை இஷாம் கைபேசியில்தான் பார்த்தார். படம் நின்று நின்று வந்தது. கபுறில் மண் போடும் நேரத்தில் தொடர்பு அறுந்தது. திரும்பக் கிடைத்தபோது ஆட்கள் கலைந்து போய்க்கொண்டிருந்தார்கள். பட்டறைக் கக்கூசுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதார். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு, திறந்து கிடந்த ஒரு காரின் கீழே படுத்து வேலையைத் தொடர்ந்தார். அவரால் வேறென்ன செய்ய முடியும்?

மகள் அம்னாவைச் சபீனாவின் தங்கை அஸீமா தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். வீடு பூட்டிக் கிடந்தது. மாரி மழை கூரை ஓட்டின் வெடிப்பால் ஒழுகி அடுப்படியை நனைத்தது.

அம்னாவுக்குக் கலியாணம் பேசி முடித்ததும் இஷாம் வேலையை விட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்தார். ஊர் வழக்கப்படி வீடு மகளுக்கு. அதைத் திருத்திக் கொடுக்க வேண்டும். ஓடு மாற்றினார், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். அடுப்படியைத் துப்புரவாக்கும்போது, விறகுக் குவியலுக்குப் பின்னால் அந்தச் சட்டி கிடந்தது. செங்கல் நிறத்தில் துருப்பிடித்து, தொட்டால் பொருபொருவென்று உதிர்ந்தது; உள்ளே அடியில் மட்டும் கறுப்பு ஒட்டியிருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார்.

கலியாணத்துக்கு முதல் இதைப் புதிதாக்கி மகளின் கையில் கொடுப்பது என்று முடிவு செய்தார். தேய்த்தால் கீறு விழும். வேறு வழி அவருக்குத் தெரியும். பட்டறையில் துருப்பிடித்த சாமான்களை அப்படித்தான் எடுப்பார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் நிறைத்துச் சலவைச் சோடாவைக் கரைத்தார். ஒரு பழைய மண்வெட்டித் தகட்டை ஒரு பக்கம் தொங்கவிட்டு, பற்றரி சார்ஜரின் சிவப்பு வயரை அதில் மாட்டினார். கறுப்பு வயர் சட்டிக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்து வாளியை முற்றத்துக் காற்றில் வைத்து, சுவிட்சைப் போட்டார்.

சட்டியைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் எழுந்தன. தண்ணீர் மெல்லக் கலங்கி, மேலே கபில நிற நுரை மிதந்தது. இஷாம் ஒரு கதிரையைப் போட்டு வாளிக்குப் பக்கத்தில் இருந்தார். சபீனாவின் ஞாபகம் வந்தது. அவள் போன பிறகு அவளுக்காக அவர் செய்த முதல் வேலை இதுதான்.

பின்நேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கரண்ட்டை நிறுத்திச் சட்டியை வெளியே எடுத்தார். தேங்காய்த் தும்புத் துண்டால் தடவியதுமே எல்லாம் கறுப்புச் சேறாக வழிந்து போனது. உள்ளே சாம்பல் நிறத்தில், அச்சில் வார்த்து எடுத்ததைப் போல வெற்று இரும்பு தெரிந்தது. சந்தோஷத்தில் அஸீமா வீட்டுக்கு ஆளனுப்பி மகளைக் கூப்பிட்டார்.

அம்னா வந்து சட்டியைக் கையில் வாங்கினாள். உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது என்ன சட்டி வாப்பா?"

"உம்மாட சட்டிதான் மகள். துருவெல்லாம் எடுத்திட்டன்."

"உள்ளுக்குக் கறுப்பா இருந்திச்சே, அது எங்க?"

"அதுவும் கழண்டு போச்சு. அழுக்குத்தானே."

அம்னா சட்டியைக் கீழே வைத்தாள். "அது அழுக்கில்ல வாப்பா. உம்மா பூசிப் பூசிப் படிஞ்ச எண்ணெய். இந்தச் சட்டிக்கு அவ ஒரு நாளும் சவுக்காரம் போட்டதில்ல. துணியால துடைச்சு, தேங்காயெண்ணெய் தடவித்தான் வைப்பா. என்னையும் தொட விடமாட்டா."

"எனக்குத் தெரியாது மகள்."

"எப்படித் தெரியும்? நீங்க இஞ்ச இருந்தாத்தானே."

கோபமாகச் சொல்லவில்லை அவள். அதுதான் இஷாமைக் கொன்றது. மகள் போன பிறகு வாளியின் முன் குந்தி அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியின் இருபது வருடத்துக் கை அதற்குள் கரைந்து கிடந்தது. அதை முற்றத்தில் ஊற்ற அவருக்கு மனம் வரவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்வளவில் நின்ற தென்னையின் அடியில் ஊற்றினார்.

மறுநாள் சட்டியைத் தணலில் வைத்து எண்ணெய் பூசிக் காய்ச்சினார். ஆறவிட்டுத் திரும்பப் பூசினார். அஸீமாவிடம் மா வாங்கி வந்து அப்பம் வார்த்தார். ஒட்டிக்கொண்டது. சுரண்டினால் துண்டு துண்டாக வந்தது. "புதுச் சட்டி அப்படித்தான் மச்சான், பழகவேணும்" என்றாள் அஸீமா. புதுச் சட்டி என்ற சொல்லைக் கேட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கலியாணம் நடந்தது. மகளும் மருமகனும் வீட்டுக்கு வந்தார்கள். இஷாம் பின்பக்கத்து அறைக்கு மாறினார். அம்னா சமைக்க ஒட்டாத புதுச் சட்டிகள் இருந்தன. அவள் இரும்புச் சட்டியைக் கேட்கவில்லை. அவர் மட்டும் ஒவ்வொரு காலையும் ஓர் அப்பத்தை வார்த்து, பிய்ந்து வந்ததைத் தானே தின்றார்.

மாரி தொடங்கிய பிறகு ஒருநாள், அப்பம் ஓரம் முறுகி, முழுசாகக் கழன்று தட்டில் விழுந்தது. சட்டியின் அடி லேசாகக் கறுத்திருந்தது. அவர் தட்டை எடுத்துப்போய் மகளின் முன்னால் வைத்தார். அம்னா ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டாள். நெடுநேரம் மென்றாள். கண் நிறைந்துவிட்டது.

"நல்லா இரிக்கு வாப்பா" என்றாள். பிறகு மெதுவாக, "ஆனா உம்மாட மாதிரி இல்ல."

"ஓம் மகள்" என்றார் இஷாம். "இல்லத்தான்."

அவள் மீதியையும் தின்று முடிக்கும்வரை அவர் பக்கத்தில் நின்றார்.