மாதேஸ்வரனுக்கு வளர்த்த முடி

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன், நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாளாக இருந்திருந்தால் விஷயம் வீட்டோடு போயிருக்கும். நான் சாமியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்ட முட்டாள். கை விரல்கள் சரியாக வேண்டும் என்று ஒரு மாத்திரை சாப்பிட்டேன். விரல்கள் சரியானதற்கு நன்றியாகச் சாமிக்கு முடி கொடுக்க வேண்டும் என்று அதே மாத்திரையை நிறுத்தினேன். இப்படி ஒரு காரியம் செய்தவன் மைசூரில் என்னைத் தவிர இன்னொருவன் இருக்க மாட்டான். இருந்தால் சொல்லுங்கள், இருவரும் உட்கார்ந்து காபி குடிக்கலாம். டம்ளரை யார் பிடிப்பது என்பதுதான் சிக்கல்.

எனக்கு முடக்குவாதம். பெயரைக் கேட்டதும் எண்பது வயதுக் கிழவர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், எனக்கு நாற்பத்தாறு. மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் அளவு பார்க்கிற வேலை. இயந்திரத்திலிருந்து வரும் உருளைகளை ஒவ்வொன்றாக மைக்ரோமீட்டரில் வைத்து, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்லத் திருகிப் பார்ப்பேன். ஒரு முடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். விரல்தான் என் பிழைப்பு. அந்த விரல்கள் ஒரு நாள் காலையில் மாமனார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கொண்டன. பத்து மணி வரைக்கும் மடங்கவில்லை. மறுநாளும் அப்படியே. வீங்கி, சூடேறி, பல் துலக்குகிற பிரஷ்ஷைக்கூடப் பிடிக்க விடவில்லை.

மூட்டு டாக்டர் ஒரு அம்மா. கன்னடக்காரர், ஆனால் என்னைப் பார்த்தால் தமிழில்தான் திட்டுவார். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு மஞ்சள் மாத்திரை, திங்கட்கிழமை ஒரு வைட்டமின் மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை மாத்திரையைத் தினமும் போட்டுடாதீங்க. நீங்களா நிறுத்தவும் கூடாது. கொஞ்சம் முடி கொட்டலாம். கொட்டினா என்கிட்ட வந்து சொல்லுங்க."

"மேடம், இந்த மூஞ்சிக்கு முடி இருந்தா என்ன, போனா என்ன?" என்று சிரித்தேன். அன்றைக்கு எனக்குத் தலை நிறைய முடி இருந்தது. இருக்கிறவன் அப்படித்தான் பேசுவான்.

மூன்று மாதத்தில் விரல்கள் சமாதானத்துக்கு வந்தன. மைக்ரோமீட்டர் பழையபடி சுழன்றது. நான் டாக்டரை மனதுக்குள் கும்பிட்டேன். அப்போதுதான் மேல்மாடி காலியாக ஆரம்பித்தது.

முதலில் கண்டுபிடித்தவள் என் மகள். பி.யூ.சி. படிக்கிறாள். பிறந்து வளர்ந்தது எல்லாம் இந்த ஊரே என்பதால் பாதி கன்னடம் பேசுவாள், பூனையை 'பெக்கு' என்றுதான் சொல்வாள். என் ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுக்குள்ள ராத்திரி பெக்கு ஏதாவது படுத்திருந்துச்சா?" என்றாள்.

அது பூனையின் முடி இல்லை. குளியலறைத் தண்ணீர் போகிற ஓட்டையை அடைத்ததும் பூனை இல்லை. ரசத்தில் கிடந்ததும் இல்லை.

இருபது வருஷமாக நான் என் முடியைத் திரும்பிப் பார்த்ததே கிடையாது. சீப்புக்கூடப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் வாங்குவேன். போகப் போகிறது என்று தெரிந்ததும் அப்படி ஒரு பாசம் பொத்துக்கொண்டு வந்தது. போகிற வருகிற கண்ணாடியில் எல்லாம் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். கம்பெனி பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு மாறினேன், பின்னால் இருந்து யாரும் உச்சியைப் பார்க்கக் கூடாது என்று. மனைவி சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்த்துவிட்டாள். தேய்த்துக் குளித்துத்தான் போனேன். இருந்தும் பஸ் கிளம்பிப் பத்து நிமிஷத்தில் முன்சீட்டுக்காரர் மூக்கைத் தூக்கிக்கொண்டு, "யாரோ சாம்பார் கொண்டு வந்திருக்கீங்க, மத்தியானம் எனக்கும் கொஞ்சம்" என்றார்.

டாக்டரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லச் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் அங்கே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் நடக்க முடியாமல், கை தூக்க முடியாமல் வந்தவர்கள். அவர்கள் நடுவில் எழுந்து போய், "மேடம், என் அழகு போகுது" என்று எப்படிச் சொல்வது? வெட்கம். அந்த வெட்கத்தில்தான் எனக்கு ஓர் அருமையான யோசனை வந்தது. மொட்டை.

எனக்கும் என் மனைவிக்கும் பூர்வீகம் மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் இருக்கும் ராமாபுரம் பக்கம். எங்கள் பக்கத்தில் ஓர் ஆண் மொட்டைத் தலையோடு எதிரே வந்தால் யாரும் பரிதாபப்பட மாட்டார்கள். மாதேஸ்வரன் மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வருகிறான் என்று அர்த்தம். வழுக்கை விழுந்தால் கேலி, மொட்டை அடித்தால் மரியாதை. இவ்வளவு சுலபமான வழி இருக்கும்போது ஏன் வெங்காயம்? மனைவியும் மகளும் கல்யாண வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருமுனை சலூனில் போய் உட்கார்ந்தேன். பதினைந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது.

திங்கட்கிழமை பஸ் ஏறினேன். டிரைவரே எழுந்து, "பெட்டக்கே ஹோகித்ரா சார்?" என்றார். மலைக்குப் போயிருந்தீர்களா என்று கேட்கிறார். நான் வாய் திறக்கவில்லை. தலையைத்தான் ஆட்டினேன். அந்த ஓர் ஆட்டல்தான் எல்லாவற்றையும் ஆட்டி வைத்தது.

பஸ்ஸில் பாதிப் பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். முன்சீட்டுக்காரர் என் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எங்கள் சூப்பர்வைசர், என்னைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறவர், அன்றைக்கு நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். பிறகு உள்ளங்கையை நீட்டினார்.

"லட்டு?"

மலைக்குப் போனவன் பிரசாத லட்டு இல்லாமல் திரும்பி வரவே மாட்டான். இது எனக்கும் தெரியும், ஆனால் சலூனில் ஞாபகம் வரவில்லை. "வீட்ல இருக்கு சார், நாளைக்குக் கொண்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் ஊரிலிருந்து திரும்பிய மனைவி என் தலையைப் பார்த்து மூர்ச்சையாகாமல் நின்றதே பெரிய விஷயம். அவளிடம் நைசாக, "ஏ புள்ள, ஒரு நாப்பது லட்டுப் புடிக்க முடியுமா? மலை லட்டு மாதிரியே இருக்கணும்" என்றேன். ஏன், எதற்கு என்று கேட்டுக் கேட்டு ஐந்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் கறந்துவிட்டாள்.

"ஏனுங்க, சலூன்ல வழிச்ச முடிக்கு மாதேஸ்வரசாமி பேரைச் சொல்லீட்டு வந்தீங்களா?"

"நான் பேரே சொல்லலை புள்ள. தலையைத்தான் ஆட்டினேன்."

"மொட்டைத் தலையை ஆட்டுனா வேற என்னங்க அர்த்தம்?"

அவள் குளித்து, விளக்கேற்றி, ஒரு மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து சாமி படத்தின் முன் வைத்தாள். "சாமி, இவருக்குக் கை சொகமானதுக்கு நாங்க முடி குடுக்கறோம். ஆறு மாசம் டயம் குடு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லா வளர்த்துங்க. அரைகுறையாக் கொண்டுபோய்ச் சாமி முன்னால நிக்கக் கூடாது" என்றாள். லட்டு பிடிக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். ஆபீசில், வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் மொத்தத்தையும் தின்றுவிட்டார்கள் என்று இன்னொரு பொய் சொன்னேன். இல்லாத உறவுக்காரர்களை ஒரு வாரம் திட்டினார்கள்.

ஒரு மாதம் ஆயிற்று. முளைத்ததை மகள் போனில் படம் பிடித்துக் காட்டினாள். நாற்றுப் பற்றாமல் நட்ட வயல் மாதிரி இருந்தது, அங்கே நான்கு, இங்கே ஆறு. இதை எந்தச் சாமி வாங்கிக்கொள்ளும்? உட்கார்ந்து யோசித்தேன். நான் யோசித்தால் எப்போதும் ஆபத்துதான். முடியை உதிர்ப்பது மாத்திரை. முடி கேட்பது சாமி. விரல்களோ நன்றாக இருக்கின்றன. அப்படியானால் யாரை நிறுத்துவது?

ஞாயிறு காலையில் மனைவி மாத்திரையும் தண்ணீருமாக நிற்பாள். வாங்கிக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, செடிக்குத் தண்ணீர் விடுகிற சாக்கில் பின்பக்கம் போய்க் கறிவேப்பிலைத் தொட்டியில் துப்பிவிடுவேன். திங்கட்கிழமை வைட்டமினை மட்டும் விடாமல் விழுங்கினேன், முடிக்கு நல்லதாம். இரண்டு மாதத்தில் என் தலையில் நல்ல விளைச்சல். கறிவேப்பிலைச் செடிக்கு வழுக்கை விழுந்துவிட்டது. அதற்கு மாத்திரைதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. மனைவி பாவம், புளித்த மோரை ஊற்றிப் பார்த்தாள்.

மூன்றாவது மாதம் விரல்கள் மறுபடி முறுக்கிக்கொண்டன. காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் அணைத்துத் தூக்கிக் குடித்தேன். மனைவி பார்த்துவிட்டு, "முடி குடுக்கறதுக்கு முன்னாலயே பக்தி முத்திப்போச்சு போங்க, காப்பியைக்கூடக் கும்பிட்டுக் குடிக்கறீங்க" என்றாள். நான் பக்திமானாகச் சிரித்தேன்.

தொழிற்சாலையில் சிரிக்க முடியவில்லை. மைக்ரோமீட்டர் நழுவியது. ஒரு நாள் நல்ல உருளைகளை ஒரு தட்டு முழுக்கக் கழித்துத் தள்ளிவிட்டேன், மறுநாள் கெட்டவற்றைச் சேர்த்து அனுப்பிவிட்டேன். சூப்பர்வைசர் என் மேஜைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "கை ஆகல்லான்னா, முடியலைன்னா சொல்லிடுங்க சார். அடுத்த மாசம் வேற ஆளைப் போட்டுக்கறேன். கேட்டுல வாட்ச்மேன் வேலை இருக்கு, பாருங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதனால்தான் உறைத்தது. இருபது வருஷமாகச் செய்த வேலை, எனக்குத் தெரிந்த ஒரே வேலை. அப்போதாவது புத்தி வந்ததா? இல்லை. மலைக்குப் போக இன்னும் மூன்று வாரம்தானே, முடியைக் கொடுத்துவிட்டு மாத்திரையைத் தொடங்கிவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மூன்று வாரமும் ஓடியது. மலையில் ஒரே கூட்டம். "உகே மாதப்பா" என்று சாமியை வாழ்த்தி நாலா பக்கமும் குரல். மொட்டை அடிக்கிற இடத்தில் என் முறை வந்தது. முடி எடுப்பவர் என் தலையில் தண்ணீர் தெளித்து, விரலை விட்டு அளைந்து பார்த்து, "இப்படி அடர்த்தியா முடி பார்த்து எத்தனை நாளாச்சு" என்று பாராட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு, "சட்டையைக் கழட்டுங்கண்ணா" என்றார்.

வீட்டில் நான் கொஞ்ச நாளாகப் பனியன் மாதிரி தலை வழியாகப் போடுகிற சட்டைதான் போட்டுக்கொண்டிருந்தேன். கோயிலுக்கு என்று மனைவி புதுச் சட்டை எடுத்துக் கொடுத்து, அவசரத்தில் அவளே பொத்தானும் போட்டுவிட்டிருந்தாள். இப்போது முதல் பொத்தானோடு மல்லுக்கட்டினேன். அது நகரவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"என்னங்க, பொத்தான் போடத்தான் தெரியாது, கழட்டவுமா தெரியாது?" என்று அவள் குனிந்தாள். குனிந்தவள் என் கையைத் தள்ளிவிடப் பிடித்தாள். நான் "ஐயோ" என்றேன். கையைத் திருப்பிப் பார்த்தாள். கணுவுக்குக் கணு உப்பியிருந்தது.

"எப்பருந்துங்க?"

"ஒரு ரெண்டு மாசமா..."

"கையைக் கேக்கலீங்க. மாத்திரையை எப்பருந்து நிறுத்துனீங்க?"

தலையில் தண்ணீர் சொட்டச் சொட்டக் கறிவேப்பிலைத் தொட்டி வரைக்கும் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. கத்தினால் எனக்குப் பழக்கம், சமாளித்திருப்பேன். என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். கண்ணீர்த் துளி ஒன்று என் மோதிர விரல் கணுவில் விழுந்தது. இவ்வளவு நாளில் முதல் தடவையாக எனக்கு விளையாட்டு விட்டுப்போனது.

முடி எடுப்பவர் கத்தியைப் பிடித்தபடி, "அக்கா, எடுக்கட்டா? இல்ல பேசிட்டு அப்புறமா வர்றீங்களா?" என்றார்.

"எடுங்க. ஒண்ணு விடாம எடுங்க" என்றாள். லட்டுப் பையை அவளே சுமந்து வந்தாள்.

மறுநாள் காலையிலேயே டாக்டர் முன் உட்கார்ந்திருந்தோம். நான் வாயைத் திறக்குமுன், சலூன், பஸ், லட்டு, தொட்டி என்று போலீசில் புகார் கொடுப்பதுபோல வரிசையாகச் சொல்லி முடித்தாள் மனைவி. டாக்டர் என் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். நான் அழுத்தத்துக்கு ஓர் "ஆ" வீதம் கொடுத்தேன். எக்ஸ்ரே எடுத்து, வெளிச்சத்தில் தூக்கி ஒவ்வொரு கணுவாகப் பார்த்தார்.

"எலும்புக்கு ஒண்ணும் ஆகலை. உங்க நல்ல நேரம். இன்னும் விட்டிருந்தா விரல் கோணிக்கும். கொட்டின முடி திரும்பி வரும், கோணின விரல் திரும்பி வராது. அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா மாத்திரை அளவை மாத்திப் பார்த்திருப்பேனே, இதைச் சொல்ல என்ன வெக்கம்?"

ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், முடிவு வந்ததும் மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொன்னார், வைட்டமினைக் கூட்டினார். சில வாரம் கைக்குச் சுமை இல்லாத வேலை கொடுக்கச் சொல்லி சூப்பர்வைசருக்கு ஒரு கடிதமும் கொடுத்தார். இதை எழுதுகிற விரல்கள் அவர் மீட்டுக் கொடுத்தவைதான்.

ஆனாலும் நான் நான்தானே. எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி, என் பளபளக்கும் மண்டையைத் தடவியபடி, "மேடம், இனிமே முளைக்கிற முடியும் இதே மாதிரி கொட்டுமா?" என்று கேட்டேன்.

டாக்டர் பதில் சொல்ல நிமிர்ந்தார். அதற்குள் மனைவி சொன்னாள்:

"கொட்டட்டும்."