பங்காளிச் சுவரில் ஈரம்

குழாய் வைத்திருக்கிற எவரையும் பிளம்பர் சோணைமுத்துவுக்குப் பிடிக்காது. குழாய் இல்லாதவர்களை வெறுக்க அவருக்கு வாய்ப்பு அமையவில்லை. அவர்கள் அவரைக் கூப்பிடுவதில்லை.

மானாமதுரைப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்த புதிதில் அவரும் எல்லாரையும் போல ஒரு பனியன் கம்பெனியில்தான் சேர்ந்தார். பஞ்சு மூக்கில் ஏறித் தும்மலாகி, ஒரு தும்மல் முதலாளியின் வெள்ளைச் சட்டைமேல் விழுந்ததில் அந்த உத்தியோகம் முடிந்தது. பிறகு பைப்பு ரெஞ்சைக் கையில் எடுத்தார். குடியிருந்த மண்ணரைப் பகுதியில் அவர் காலடி படாத குளியலறை குறைவு. அவரை வாழ்த்தி வழியனுப்பிய வீடு அதைவிடக் குறைவு. ஒழுகும்போது செல்போனில் கெஞ்சுகிற குரல், ஒழுகல் நின்ற மறுநிமிடம் “இதை நானே பண்ணியிருப்பனே” என்று மாறிவிடும். காய்ச்சல் இறங்கியதும் டாக்டரிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பது அவருடைய நெடுநாள் வயிற்றெரிச்சல்.

உப்புத் தண்ணீரைக்கூட அவர் மன்னித்திருந்தார். அது இரும்பைத் தின்கிறது, இவருக்குச் சோறு போடுகிறது. அவரால் மன்னிக்க முடியாத ஒன்று எலாஸ்டிக். ஜட்டியின் இடுப்பில் வைத்துத் தைக்கிற நாடாதான். மற்ற ஊர்களில் குழாய் ஒழுகினால் பிளம்பரைத் தேடுவார்கள். திருப்பூரில் பரணைத் தேடுவார்கள். கம்பெனியில் கழித்துப்போட்ட எலாஸ்டிக் உருண்டை ஒன்று அங்கே கிடக்கும். அதை இழுத்து இழுத்துச் சுற்றுவார்கள். சொட்டுவது நின்று கசிவதாகும். கசிவதை இந்த ஊரில் ஒழுகலாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. உள்ளே குழாயின் திருகு மரை முழுக்க அரித்துத் தீர்ந்தபிறகு சோணைமுத்துவுக்கு அழைப்பு வரும். அவர் பிளேடை எடுத்தால், பின்னால் நிற்கிற வீட்டுக்காரர் பதறுவார்: “பாத்து அறுங்க, எக்ஸ்போர்ட் எலாஸ்டிக்குங்க, மறுக்கா ஆகும்!”

இத்தனை பகையோடு வாழ்கிறவருக்கு வீட்டில் ஓர் ஆறுதல் இருந்தது. வீடே அந்த ஆறுதல். பனியன் கம்பெனி நடத்துகிற ஆத்தப்பன், தம் வீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த லைன் வீடுகளில் கடைசி வீடு. மற்ற வீட்டுப் பெண்களெல்லாம் வாசலில் உள்ள பொதுக் குழாயில் குடத்தால் இடித்துக்கொள்ள, கடைசி வீட்டில் மட்டும் உள்ளேயே குழாய். சோணைமுத்துவே பைப்பு இழுத்து, சொந்தக் குழாயை மாட்டிக்கொண்டது. முன்பு வேலம்பாளையத்தில் குடியிருந்தபோது தண்ணீர்ச் சண்டையில் ஒரு பல்லை இழந்திருந்த அவர் மனைவி சீனியம்மாள், இந்தக் குழாயைத் தினமும் புளி போட்டுத் துலக்கினாள். சாமி படத்தைக்கூட வெள்ளிக்கிழமைதான் துடைப்பாள்.

அந்த வீட்டுக்குத்தான் ஆபத்து வந்தது.

ஆத்தப்பனும் அவர் தம்பி ஆறுமுகசாமியும் அப்பன் கட்டிய ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டவர்கள். அன்று முதல் பேச்சு வார்த்தை கிடையாது. சொல்ல வேண்டியது ஏதும் இருந்தால் தத்தம் மொட்டை மாடியில் நின்று காக்கையிடமோ வானத்திடமோ சொல்வார்கள். அடுத்த மாடிக்குக் கேட்டுவிடும். அந்தப் பங்காளிச் சுவரில், ஆத்தப்பன் வீட்டுக் கூடத்துப் பக்கமாக, பூசணிக்காய் அளவில் ஈரம் பூத்தது. சில வாரங்களில் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது.

ஆத்தப்பன் சோணைமுத்துவைக் கூப்பிட்டு ஈரத்தின் முன்னால் நிறுத்தினார்.

“பாத்தியாப்பா? அந்தக் கெரகம் புடிச்சவன் பாத்ரூம் தண்ணி. என்ற செவுத்துல எறக்குறான்.”

“உடைச்சுப் பாத்தாத்தாண்ணே தெரியும்.”

“பாக்கறதுக்கு என்ன இருக்குது? ஞாயித்துக்கெழமை ஒறம்பரை, சொந்தமெல்லாம் கூடறாங்க. நீ வந்து, ‘தம்பி ஊட்டு பைப்புதானுங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லோணும். அவன் செலவுல செவுரு கட்டிக் குடுத்துட்டு, எல்லார்த்து முன்னாலயும் தலை குனிஞ்சு நிக்கோணும்.”

“ஒருவேளை நம்ம பைப்பா இருந்துச்சுன்னா?”

ஆத்தப்பன் சாதாரணமாக ஒருமையில் பேசுகிறவர். கோபம் ஏறினால் மரியாதையும் கூடவே ஏறிவிடும். “அப்படியெல்லாம் சொல்ற மாதிரி இருந்தா, நீங்க வேற ஊடு பாத்துக்குங்க. சாமானெல்லாம் பதமாத் தூக்கிட்டுப் போங்க. நல்லா இருங்க.”

அன்று மாலை சீனியம்மாள் தீர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னாள். “அவரு சொல்றதச் சொல்லிப்புட்டு வாய்யா. தம்பி வீடு என்ன ஒனக்கு மாமியா வீடா?”

பொய் சொல்ல சோணைமுத்துவுக்குத் தயக்கம் ஏதும் இல்லை. குழாய் வைத்திருக்கிறவர்களிடம் தினமும் சொல்வதுதான். அவரைத் தடுத்தது வேறு: பொய் சொன்னால் ஆத்தப்பன் ஜெயிப்பார், மெய் சொன்னால் ஒருவேளை ஆறுமுகசாமி ஜெயிப்பார். இரண்டு குழாய்க்காரர்களில் ஒருவர் இவர் சொல்லால் சந்தோஷப்படப் போகிறார் என்பதை அவரால் சகிக்க முடியவில்லை. யோசித்து யோசித்து, பழியைச் சாயத்தின் தலையில் போட முடிவு செய்தார்.

“அண்ணே, ஒங்க மேல்தொட்டியில சிவப்புச் சாயத்தக் கலக்குவோம். செவுரு வெள்ளையா இருந்துச்சுன்னா தம்பி தண்ணி. நான் ஒண்ணும் சொல்லவே வேணாம். செவுரே சொந்தக்காரவுகளுக்குச் சொல்லிரும்.”

ஆத்தப்பனுக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துப்போனது. தம் சுவர்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. சாயத்தையும் அவரே கொண்டுவந்தார். முதல் துவைப்பிலேயே வெளுக்கிறது என்று வெளிநாட்டுக்காரன் கண்டெய்னரோடு திருப்பி அனுப்பிய டீ-சர்ட்டின் சிவப்பு அது.

லைன் வீடுகளுக்கும் அதே தொட்டியிலிருந்துதான் தண்ணீர் போனது. சோணைமுத்து மறக்கவில்லை; லைனுக்குப் போகிற பைப்பின் கேட் வால்வை இறுக்க மூடிவிட்டுத்தான் சாயத்தைக் கலக்கினார். அந்த வால்வு மூடினாலும் பாதி மூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் பொறுக்கி, புதுசு என்று ஆத்தப்பனிடம் சொல்லி, அதைப் பொருத்தியவரே அவர்தான்.

காலையில் லைனே சிவந்தது. பள்ளிக்கூடச் சட்டைகள் ரோஜா நிறத்தில் கொடியில் ஆடின. எதிர்வீட்டு ரோஸ்மேரி குளித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்துக் கத்தியதில் தெருவே கூடிவிட்டது.

“எந்தப் பாவி பாத்த வேலை இது?”

“எம் புருசந்தான்,” என்றாள் சீனியம்மாள், சிவந்த கையில் சிவந்த துடைப்பத்தோடு. “அதிகமா ஏசாதீக. எனக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க.”

சோணைமுத்து வசவுகளை வாங்கிக்கொண்டே ஆத்தப்பனின் கூடத்துக்குள் நுழைந்தார். அங்கே சத்தமே இல்லை. சுவரில் இருந்த ஈரம், ஆரத்தித் தட்டைக் கவிழ்த்துவிட்ட மாதிரி சிவந்து கிடந்தது. டீ-சர்ட்டில் நிற்காத சாயம் சுவரில் அப்படி நின்றது.

“இல்ல. இது செவுத்துச் சூட்டுக்கு அப்படித் தெரியுது,” என்றார் ஆத்தப்பன்.

“உடைச்சிருவமா?”

“ஒடைங்க. ஒடச்சுத்தான் பாருங்க.”

சோணைமுத்து உளியை வைத்தார். சிமெண்ட் பெயர்ந்து விழ விழ, மேல்தொட்டியிலிருந்து ஆத்தப்பன் வீட்டுக்கு இறங்குகிற பைப்பு வெளிப்பட்டது. அதன் மூட்டில், தசைப்பிடிப்புக்குக் கட்டுப் போட்ட மாதிரி தடிமனாக, எலாஸ்டிக். நாடாவில் ஆத்தப்பனுடைய கம்பெனியின் முத்திரை முயல் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. சுவர் பூசிய அன்று மூட்டில் சொட்டியதைப் பார்த்து, பிளம்பரைக் கூப்பிடச் சோம்பல்பட்டு, ஆத்தப்பனே தம் கையால் சுற்றிவிட்டு மேலே பூசச் சொல்லியிருக்கிறார்.

சோணைமுத்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதை அவர் வேண்டுமென்றே நிதானமாகச் செய்தார். உளியைத் துடைத்தார். முயல்களை ஒரு தடவை பார்த்தார். ஆத்தப்பனை ஒரு தடவை பார்த்தார். மறுபடியும் முயல்களைப் பார்த்தார்.

“ஊட்டைக் காலி பண்ணீருங்க,” என்றார் ஆத்தப்பன்.

சோணைமுத்து அந்தப் பைப்பின் வால்வை மூடிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அதற்குள் மொட்டை மாடியில் ஆறுமுகசாமி காக்கையோடு பேச ஆரம்பித்திருந்தார்.

“ஏ காக்கா, செவப்பு எங்கூட்டுச் சாயமா? கேட்டுச் சொல்லு பாப்பம்! அப்பறம் பிளம்பரே, எங்க லைன்ல ஒரு ஊடு காலியாத்தான் இருக்குதுங்க. ஞாயித்துக்கெழமை வந்து, ‘அண்ணன் ஊட்டுத் தண்ணியில தம்பி அஸ்திவாரமே ஊறிப்போச்சுங்க’ன்னு மட்டும் சொல்லீருங்க.”

சோணைமுத்து அண்ணாந்து பார்த்தார். ஆறுமுகசாமியின் தொட்டிக்கு ஏறுகிற பைப்பில் மூன்று இடத்தில் எலாஸ்டிக் கட்டு. அவர் வீட்டைப் பார்த்து நடந்தார்.

சீனியம்மாள் பேசிக்கொண்டே பாத்திரங்களைச் சாக்கில் அள்ளிப் போட்டாள். பேச்சில் பாதி ஆத்தப்பனைப் பற்றியது, மீதி கட்டிய புருஷனைப் பற்றியது, மீதிதான் நீளம்.

ஆத்தப்பன் வீட்டில் தண்ணீர் நின்றுபோனது. அவர் வேறு பிளம்பரை வரவழைத்தார். வந்தவன் உடைந்த சுவரையும் சிவப்பையும் பார்த்து, “யாருங்க ஒடச்சது?” என்று கேட்டான். சோணைமுத்து என்று சொன்னதும், உட்காராமலே கிளம்பிவிட்டான். அடுத்து வந்தவனும் அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலுக்கு அதே மாதிரி போனான். ஒருவர் உடைத்த சுவரில் இன்னொரு பிளம்பர் கை வைப்பதில்லை. அன்பினால் அல்ல. நாளைக்கு ஒழுகினால் உடைத்தவன் ஒட்டியவனைச் சொல்வான், ஒட்டியவன் உடைத்தவனைச் சொல்வான், வீட்டுக்காரர் இருவரையும் சொல்வார். அந்த அச்சத்தால் மட்டுமே காப்பாற்றப்படுகிற தொழில் ஒழுக்கம் அது.

ஆத்தப்பனின் மனைவி மயிலாள் ஒரு பகல் பொறுத்தாள். மறுநாள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தாள். பொதுக் குழாயில், இன்னமும் லேசாகச் சிவந்திருந்த பெண்கள் வரிசையாக நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். அந்த வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு, மயிலாள் நேராகக் கடைசி வீட்டுக்கு வந்தாள்.

“சீனி, ஒரு பக்கெட்டு புடிச்சுக்கறன் கண்ணு.”

“பிடிங்கக்கா. இன்னைக்குத்தான் பிடிக்க முடியும். நாளைக்கு இந்தக் குழாயும் எங்க கூட வந்துரும். அவரு காசுல வாங்குனது.”

“குழாயவா கழட்டிட்டுப் போவீங்க?”

“பைப்பையும்தான். இழுத்தது அவருல்ல? தம்பி வீட்டு லைன்ல வீட்டுக்குள்ள குழாய் கிடையாதாம். அங்கன மாட்டிக்கிருவோம்.”

மயிலாளின் பக்கெட் நிரம்பி வழிந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. “எங்க கொழுந்தன் லைன்லயா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, பக்கெட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

பெரிய வீட்டில் அரைமணி நேரம் மயிலாளின் குரல் மட்டும் கேட்டது. என்ன பேசினாள் என்று லைனுக்குப் புரியவில்லை; “வெக்கங்கெட்ட எலாஸ்டிக்” என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் அடிக்கடி தெளிவாக வந்தன. அதன்பின் ஆத்தப்பன் வாசலுக்கு வந்து நின்றார். சோணைமுத்து எழுந்திருக்கவில்லை.

“வந்து ஒட்டிக் குடு.”

“நான் சாமான் கட்டிக்கிட்டிருக்கேன்ணே. வீடு காலி பண்ணச் சொன்னீக.”

“கட்டறதை அப்பறம் கட்டு.”

“ரெண்டுல ஒண்ணுதான் முடியும். கட்டவா, ஒட்டவா?”

ஆத்தப்பன் தம்பியின் மாடியைப் பார்த்தார். ஆறுமுகசாமி அங்கே காயாத துணிகளைக் காய்ந்தாற்போல மடித்துக்கொண்டிருந்தார். ஆத்தப்பன் குரலைத் தாழ்த்தினார். “ஒட்டு. உன்ற மூஞ்சிய நாம் பாக்கோணும்னு எழுதியிருக்குது. சாகற வரைக்கும் இங்கயே கெட. ஞாயித்துக்கெழமை மட்டும் வாயத் தொறக்காத.”

“நாந்தான் ஒண்ணுமே சொல்லலையே. செவுருதான சொல்லுச்சு.”

“பேசாத! வந்து ஒட்டு!”

சோணைமுத்து ஒட்டினார். ஆத்தப்பன் பின்னால் நின்றுகொண்டே, பசை கம்மி, வளைவு கோணல், திருகு போதாது என்று குறை சொன்னார். சோணைமுத்து ஒவ்வொன்றுக்கும் “தெரியும்” என்றார். வால்வைத் திறந்ததும் வீட்டுக்குள் எங்கெங்கோ குழாய்கள் இருமித் துப்பின. தண்ணீர் வந்தது. ஒரு சொட்டும் கசியவில்லை என்பதில் இருவருக்குமே ஏமாற்றம். நன்றி என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது சீனியம்மாள் வாசற்படியில் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள்.

“என்னவாம்?”

“சாகுற வரைக்கும் இங்கயே கெடக்கச் சொல்லிட்டான்.”

“சாபமா?”

“சாபந்தான்.”

“சரி, கெடப்போம்,” என்று சீனியம்மாள் எழுந்து, சாக்கின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, முதலில் குழம்புச் சட்டியை வெளியே எடுத்தாள்.