யாருடைய இளநீர்

போன வாரம் கல்லடிப் பாலத்தடியில் இளநீர்க்காரன் கத்தியை ஓங்கியதும், என் பக்கத்தில் நின்ற நீதிபதி ஐயா இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓய்வுபெற்ற மனிதர், இன்னும் பழக்கம் போகவில்லை.

கொழும்பில் நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம் வரை போனவர் அவர். அதற்கு முன் மட்டக்களப்பில் இருந்தபோது நான் அவருடைய சுருக்கெழுத்தாளன். அவர் ஓரிடத்தில் தேத்தண்ணி குடித்தால் போதும், "அந்தப் பக்கம் சாஞ்சிட்டார்" என்று சந்தையில் தீர்ப்பு வந்துவிடும். அதனால் கலியாண வீட்டுக்கும் போகமாட்டார். எங்கே போனாலும் வீட்டுத் தண்ணீர் ஒரு போத்தல் கூட வரும். சுமப்பது அடியேன்.

செட்டிபாளையத்தில் ஒரு அக்காவும் தங்கையும் வழக்காடினார்கள். இரண்டு வீடும் தாய் கொடுத்த சீதனம். வேலியில் நின்ற தென்னை யாருக்கு என்பதுதான் சண்டை. தீர்ப்பு வரும்வரை ஒருவரும் அதில் கைவைக்கக் கூடாதென்று ஐயா தடை போட்டுவிட்டு, இடத்தைப் பார்க்கப் போனார். உச்சி வெயில். மணல் சப்பாத்துக்குள்ளும் சுட்டது.

அக்கா இளநீரோடு வந்தார்.

"குடிங்க ஐயா, முகமெல்லாம் வாடிப்போச்சு."

தங்கை விடுவாரா? அவரும் ஒன்றோடு ஓடிவந்தார்.

"அவட வேணாம் ஐயா. இதுதான் நல்ல இனிப்பு."

வேலிக்கு வெளியே ஊரே நின்று ஐயாவின் வாயைப் பார்த்தது.

"இது எந்த மரத்து இளநி?" என்று கேட்டார்.

இருவரும் பெருமையாக ஒரே மரத்தைக் காட்டினார்கள். சாட்சாத் அந்த மரத்தையேதான்!

அவர்களுக்காக வழக்குப் பேச வந்திருந்த அப்புக்காத்துமார் இருவரும் தலையில் கைவைத்தார்கள். தடையை மீறினால் மறியலில் கம்பி எண்ண வேண்டும் அல்லவா? நானொரு மடையன், "இளநீர் இரண்டு" என்று எழுதியும் விட்டேன்.

"என்ன தம்பி எழுதுறீர்?"

"இளநீர், சேர்."

"எழுதினதை வெட்டும். வெயிலுக்குக் கண் தெரியல்ல. நான் ஒண்டையும் காணல்ல."

"காணல்லயா? இஞ்ச பாருங்க ஐயா!" என்று அக்கா அதை அவர் மூக்குக்கு நேரே தூக்கினார். அவருடைய அப்புக்காத்து பாய்ந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வழக்கின் அடுத்த தவணைக்குச் சகோதரிகள் சமாதானமாகி வந்தது மறியலுக்குப் பயந்துதான்.

காரில் ஏறியதும் ஐயா தண்ணீர் கேட்டார். போத்தலை வரும் வழியிலேயே நான் குடித்து முடித்திருந்தேன். ஆரையம்பதி தாண்டியதும் மெல்லக் கேட்டார்:

"தண்ணி இனிச்சதோ தம்பி?"

இப்போது அந்தச் சகோதரிகளும் இல்லை, தென்னையும் இல்லை. பாலத்தடியில் ஐயா இளநீரை ஒரே இழுவையில் குடித்தார். ஓட்டோக்கள் வந்தன, போயின. பக்கத்தில் நின்ற பொடியன்கள் போனிலிருந்து தலை நிமிர்த்தவில்லை.

"ஒருத்தரும் பாக்கல்லயே தம்பி," என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. எனக்கு மனம் கேட்கவில்லை.

"நான் பாத்துக்கிட்டுத்தான் நிக்கன், சேர்."