கழிவுநீர்க் குளத்தில் சுழன்ற பறவை

மசூரியாவில் எங்கள் ஊரைச் சுற்றிப் பதினேழு ஏரிகள். மே மாதம் பறவைத் திருவிழா வந்தால் வார்சாவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பைனாகுலரும் தொப்பியுமாக வந்து குவிவார்கள். அந்த மூன்று நாளும் பறவைப் பேச்சே காதில் விழாமல் இருந்தவள் ரெகினா சவாட்ஸ்கா ஒருத்திதான். அவளுக்கு வேலை ஊருக்கு வெளியே, கழிவுநீர்க் குளங்களில். இருபத்திரண்டு வருஷமாகக் காலை ஆறு மணிக்கு நாலு குளத்தையும் சுற்றி வந்து, தண்ணீரை எடுத்துச் சோதித்து, நுரை எப்படி இருக்கிறது என்று எழுதி வைப்பாள்.

போன வருஷம் திருவிழாவின் முதல் நாள், மூன்றாவது குளத்தில் ஒரு சின்னப் பறவை. கழுத்தில் செங்கல் நிறப் பட்டை. தண்ணீர்மேல் நின்ற இடத்திலேயே சுழன்றது. தண்ணீரில் ஒரு கொத்து, மறுபடியும் சுழற்சி.

ரெகினா ஓடிப்போய்ச் சோதனைக் குப்பியை எடுத்தாள். குளத்தில் ஏதோ விஷம் கலந்திருக்கிறது, பறவைக்குத் தலை சுற்றுகிறது என்றே நினைத்தாள். மூன்று தடவை சோதித்தாள். தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. வீட்டில் புருஷன் அலோய்சியிடம் சொன்னாள்.

"உன் குளத்து வாசனைக்கு எனக்கே தலை சுத்தும். அது பாவம், பொடிசு," என்றான் அவன்.

மனசு கேட்கவில்லை. மறுநாள் வேலை முடிந்து, ரப்பர் பூட்ஸோடு விழாக் கூடாரத்துக்கே போனாள். அங்கே ஸ்டெல்மாக் என்ற தாடிக்காரர், விழாவின் வழிகாட்டி, தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, பம்பரம் மாதிரி சுத்துற பறவைன்னு ஒண்ணு இருக்கா?"

"எங்கம்மா பாத்தீங்க?"

"சாக்கடைக் குளத்துல."

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். ஸ்டெல்மாக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். "இன்னும் இருக்கா?"

அரை மணி நேரத்தில் கழிவுநீர்க் குளங்களின் கேட்டுக்கு வெளியே முப்பத்துநாலு பேர். ரெகினா மேலாளருக்குப் போன் போட்டாள்.

"நம்ம குளத்தப் பாக்கவா? அவங்களுக்கு மூக்கு இருக்கா இல்லையா?" என்றார் அவர். "சரி, கேட்டத் திறந்து விடு. எவனாவது உள்ள விழுந்தா நீதான் தூக்கணும்."

ஸ்டெல்மாக் தொலைநோக்கியை நிறுத்தி, முதலில் அவளைப் பார்க்கச் சொன்னார்.

"தலை சுத்தல் இல்லம்மா. அது சுத்தச் சுத்தத் தண்ணி சுழிக்கும், அடியில இருக்கிற பூச்சி மேல வரும். வடக்க போற வழியில எப்பவாவதுதான் இங்க இறங்கும்."

"கழுத்து எவ்வளவு அழகு! ஆணா?"

"பொண்ணு. இந்த இனத்துல பொண்ணுக்குத்தான் பளபளப்பு. முட்டைய இட்டுட்டுக் கிளம்பிடும். ஆண்தான் உக்காந்து அடைகாக்கும்."

"இத என் வீட்டுக்காரன் கேக்கணுமே!" என்றாள் ரெகினா, கண்ணை எடுக்காமல்.

கூட்டம் வெடித்துச் சிரிக்க, பறவை எழும்பி நாலாவது குளத்துக்குப் போய்விட்டது. பார்க்காதவர்கள் பின்னாலேயே ஓடினார்கள். "தரையில இருக்கிற மஞ்சக் கோட்டத் தாண்டாதீங்க!" என்று கத்திக்கொண்டே அவளும் ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமை பறவை இல்லை. நாலு குளத்தையும் இரண்டு முறை சுற்றினாள்.

இந்த வருஷ நிகழ்ச்சி நிரலில் அச்சடித்தே போட்டார்கள்: "காலை ஆறு மணி, கழிவுநீர்க் குளங்கள், ரெகினாவுடன். கைக்குட்டை அவசியம்." அறுபது பேர் வந்தார்கள். அன்று குளத்தில் தண்ணீர் விழும் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பழுப்புப் பறவை. ஸ்டெல்மாக் ஒரு பெயர் சொன்னார், ஜெர்மன்காரர்கள் வேறொன்று சொன்னார்கள். சண்டை இன்னும் தீரவில்லை. "அது பாட்டுக்குத் தின்னுட்டுப் போயிடுச்சு," என்கிறாள் ரெகினா. ஆனாலும் ரொட்டி வாங்க என் கடைக்கு வரும்போதெல்லாம், அதன் வால் எப்படி ஆடியது என்று கையை ஆட்டிக் காட்டாமல் போவதில்லை.