புயல் விட்ட வீடு

புயல் வருகிறது, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ எங்கள் தெருவில் கத்திக்கொண்டு போனது. சின்ன வயதில் அடையாற்றங்கரையில் கேட்ட அதே கரகரப்பு.

அன்று அம்மா கொதித்துக்கொண்டிருந்த மீன் குழம்பை இறக்கி, சட்டியோடு துணியில் கட்டி எடுத்துக்கொண்டாள். வகுப்பறையில் பினாயில் நாற்றத்துக்கும் ஈரப் புடவைகளுக்கும் நடுவே படுத்துக்கிடந்தோம். காற்று ஓய்ந்ததும் அப்பா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒரு ஓடுகூட ஒடையல. வூடு அப்டியே கீது" என்று சிரித்தார்.

மறுநாள் மூட்டைகளோடு நாங்கள் திரும்பியபோது, புல்டோசர் எங்கள் வீட்டு வரிசை முழுவதையும் இடித்துப் போட்டிருந்தது. ஆற்றோரம் குடியிருப்பது ஆபத்தாம்.

"புயலே வுட்டுட்சி சார். நீங்க ஏன் இட்ச்சீங்க?" என்று அப்பா அங்கே நின்ற அதிகாரியைக் கேட்டார். அவர் ஜீப்பில் ஏறிக்கொண்டார். எங்களை லாரியில் ஏற்றி, நகரத்துக்கு வெளியே இந்த அடுக்குமாடியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அடையாறில் அம்மா பார்த்துவந்த வீட்டு வேலைகள் எல்லாம் போயின.

"தாத்தா, கெளம்பு" என்று என் மகள் இப்போது கூப்பிட்டாள். அப்பா கட்டிலைவிட்டு அசையவில்லை.

"நீங்க போங்க கண்ணு. நா போய்ட்டு வர்றதுக்குள்ள இத்தயும் இட்ச்சிடுவானுங்க."