மருதுபாண்டியின் நிறம்

அருப்புக்கோட்டையில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையொன்றில் எட்டு வருஷமாக டிசைனர் மாரிக்கனி. மதுரையில் உளவியல் படிக்கப் போய், அப்பா படுத்த படுக்கையானதும் இரண்டாம் வருஷத்தோடு மூட்டை கட்டியவள். காதுகுத்து, கட்சி, கண்ணீர் அஞ்சலி என்று டவுனில் அவள் கை படாத முகம் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம்.

திருச்சுழிப் பக்கமிருந்து ஒச்சம்மாள் வந்தது, மகன் மருதுபாண்டிக்கு அஞ்சலிப் படம் வாங்க. திருப்பூரில் லாரி மோதிச் செத்துப்போனான். விடிந்தால் பதினாறாம் நாள் காரியம். இருந்தது ஒரே போட்டோ, பெண் வீட்டாருக்கு அனுப்ப வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்தி எடுத்தது.

திரையைப் பார்த்ததும், "எம்புள்ள இம்புட்டுக் கருப்பில்ல தாயி," என்றார்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மாரிக்கனி முகத்தை வெளுப்பாக்கினாள். பாவி மகள், பவுடரை அப்பியதுபோல் ஆக்கிவிட்டாள். ஒச்சம்மாள் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"இது யாரோ. இதையே பாத்துப் பாத்து அவன் மூஞ்சி எனக்கு மறந்துபோகுமோன்னு பயமா இருக்கு."

மாரிக்கனிக்குச் சுருக்கென்றது. வகுப்பில் பார்த்த படம் நினைவுக்கு வந்தது. ஒரே சாம்பல் நிறத்தில் இரண்டு கட்டம். வெள்ளைக்கு நடுவே இருப்பது கருத்துத் தெரியும், கருப்புக்கு நடுவே இருப்பது வெளிறித் தெரியும். கண் எதையும் தனியாகப் பிய்த்துப் பார்க்காது, சுற்றியிருப்பதோடு சேர்த்து முழுசாகத்தான் பார்க்கும் என்பார் பேராசிரியர். கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண், அவ்வளவுதான். அக்கம்பக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி அதற்கும் புரோகிராம் எழுதிவிட்டால், அதுவும் நம்மைப்போலவே ஏமாறும் என்று சிரிப்பார்.

முகத்தைப் பழையபடி ஆக்கிவிட்டு, பின்னணியை மட்டும் கருநீலமாக்கினாள்.

ஒச்சம்மாள் எழுந்தே விட்டார். "இவந்தான். இந்த நெறந்தான். எம்புட்டுத் தாயி வெளுப்பாக்குன?"

கொஞ்சம்தான் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். "மூஞ்சியத் தொடவே இல்லம்மா," என்று வெள்ளைச் சுவர்ப் படத்தையும் இதையும் பக்கம்பக்கமாக வைத்துக் காட்டினாள். "ரெண்டும் ஒரே நெறம். சுத்தி இருக்கத மறைச்சுப் பாருங்க."

ஒச்சம்மாள் இரண்டு கையாலும் மறைத்துப் பார்த்தார். கையை எடுத்தார், மறுபடி மறைத்தார்.

"இந்தப் போட்டோவப் பாத்துத்தான் மூணு வீட்டுல கருப்புன்னு வேண்டாம்னுட்டாக. மூணாவது தடவ நானும் ஆத்தமாட்டாமச் சொன்னேன், இந்த நெறத்துக்கு எவ வருவான்னு. அன்னைக்குப் பஸ்ஸு ஏறுனவன், நாலு வருசம் கழிச்சு ஆம்புலன்சுலதான் வந்தான்."