சுடாத துப்பாக்கியும் வெல்டா ஆஸ்ட்பியும்

துப்பாக்கிப் பெட்டி மேசைமேல் வந்ததும் வெல்டா ஆஸ்ட்பி தன் காதுக் கருவிகள் இரண்டையும் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். கொண்டுவந்தவரின் வாய் அசைந்துகொண்டே இருக்கும். அப்பா இதை யாரிடம் வாங்கினார், எந்த மலைச்சரிவில் எத்தனை கொம்பு மானை இது சாய்த்தது என்று ஒன்றுவிடாமல் சொல்வார். வெல்டா தலையை மட்டும் ஆட்டுவார். எல்லாம் பார்த்து முடித்துக் கருவிகளை மாட்டிக்கொண்ட பிறகுதான் பதில் வரும். "கதைக்கு எவனும் காசு குடுக்க மாட்டான். அதை வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்க. நான் இரும்பையும் கட்டையையும்தான் பாத்தேன்."

அமெரிக்க மலையூரான கோல்ட்டர் ஃபோர்க்கில் தீவனமும் முள்கம்பியும் பனிக்கால பூட்ஸும் விற்கிற கடையின் பின்மூலைதான் துப்பாக்கிகளுக்கு விலை மதிப்பிடுகிற அவர் இடம். பச்சைக் கம்பளித் துணி விரித்த ஒரு மேசை, கழுத்து வளையும் ஒரு விளக்கு, டெய்சிப் பூ அச்சடித்த தோட்டக் கையுறை. அறுபத்தெட்டு வயது. ஓய்வு பெறும்வரை பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஊரில் பாதிப் பேரை ஒருமுறையாவது "உக்காரு!" என்று அதட்டியிருக்கிறார். இன்று அவர்கள் நரைத்த தாடியும் பெருத்த தொப்பையுமாக வந்து நிற்கிறார்கள்; அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தால் தன்னையறியாமல் ஸ்டூலைத் தேடுகிறார்கள்.

துப்பாக்கி அறிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் முதல் கணவரின் பெயர் வரும். அந்த மனிதர் சேகரிப்புப் பைத்தியம். "பிரிஞ்சப்போ துப்பாக்கி மொத்தத்தையும் அவன் அள்ளிட்டுப் போயிட்டான். அதுங்களைப் பத்தித் தெரிஞ்சதை எப்படிப் பிடுங்குவான்? அது என்கிட்டயே தங்கிடுச்சு."

கண் முதலில் போவது ஸ்க்ரூத் தலைக்கு. திருப்புளி ஏறிய தடம் கண்டால் போதும், யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். அப்புறம் குழலின் நீலக்கருப்புப் பூச்சு, கட்டையின் மெருகு, பெட்டியில் ஒட்டிய எண்ணும் இரும்பில் வெட்டிய எண்ணும் ஒன்றுதானா என்பது. கடைசியாக மூக்கு. குழல் வாயில் மூக்கை வைத்து இழுத்து, யாரோ சமைத்த சூப்பைச் சோதிப்பதுபோல ஒரு கணம் யோசிப்பார்.

தங்க மான் பொறித்த சிறப்பு வெளியீடு என்று யாராவது பெட்டியை அணைத்துக்கொண்டு வந்தால் அவருக்கு உதட்டோரம் துடிக்கும். "எண்ணூறுதான் செஞ்சாங்கன்னு சொல்றீங்க. சரி. அதுல எழுநூத்துத் தொண்ணூறு ஆளுங்க உங்களை மாதிரியே பூட்டித்தான் வெச்சிருக்காங்க. உலகத்துல எல்லாரும் பத்திரமா வெச்சிருக்கிற பொருள் எப்படிய்யா அபூர்வமாகும்?" ஆனாலும் அதற்கென்று ஒரு விலை உண்டு. தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருக்க வேண்டும், சுட்டிருக்கக் கூடாது. சுட்டதென்றால் அது தங்க மான் ஒட்டிய சாதாரணத் துப்பாக்கி. விலை பாதிக்குக் கீழே விழும்.

சென்ற அக்டோபரில், வேட்டைப் பருவம் திறக்கச் சில நாட்கள் இருக்கையில், ஹார்லன் விக் அப்படியொரு பெட்டியோடு வந்தார். கூடவே மனைவி ஐடெல்லா, கையில் ஒரு டோனட் பொட்டலம். பின்னால் க்ளீட் மொராவெக். க்ளீட்டிடம் ஆற்றில் மீன் பிடிக்கிற அலுமினியப் படகு ஒன்று இருந்தது. ஹார்லன் பல கோடையாக அதன்மேல் கண் வைத்திருந்தார். படகுக்குத் துப்பாக்கி மாற்று என்று பேச்சு முடிந்தாயிற்று, வெல்டா பார்த்துச் சொன்னால் கைகுலுக்க வேண்டியதுதான்.

"ஒரு தோட்டா ஏறினதில்ல வெல்டா," என்றார் ஹார்லன். "வாங்கின நாள்லேர்ந்து அலமாரியில. வருஷா வருஷம் எடுத்துத் துடைச்சுட்டு வெச்சிடுவேன். தொழிற்சாலையோட நூற்றாண்டுக்குப் போட்டது. நீ பாரு, உனக்கே தெரியும்."

வெல்டா கருவிகளைக் கழற்றினார். பெட்டி சுத்தம். எண் பொருந்தியது. தங்க மான் நேற்றுப் பிறந்ததுபோல் மின்னியது. ஸ்க்ரூக்களில் ஒரு கீறல் இல்லை. ஹார்லன் க்ளீட்டைப் பார்த்துப் புருவம் உயர்த்தினார்.

பிறகு வெல்டா, தோட்டாவின் அடியைத் தாங்கும் போல்ட்டைக் கழற்றி அதன் முகத்தை விளக்கடியில் பிடித்தார். எந்தத் துப்பாக்கியையும் தொழிற்சாலையிலேயே ஓரிரண்டு தோட்டா சுட்டுப் பார்ப்பார்கள். தோட்டாவின் பித்தளைத் தடம் அதில் லேசாக விழும். இதில் பலமுறை சுட்டதற்கு அடையாளமாக வளையமே விழுந்திருந்தது. குழலுக்கடியில், தூக்கி நடக்கிறவர் கை பிடிக்கும் இடத்தில், பூச்சு மங்கியிருந்தது. கட்டையைத் திருப்பினார். கன்னம் பதியும் இடத்தில் மெருகு தேய்ந்திருந்தது. ஆனால் இடப்பக்கம் இல்லை. வலப்பக்கம்.

வலக்கைக்காரர் கன்னம் கட்டையின் இடப்பக்கத்தில் பதியும். வலப்பக்கம் தேய வேண்டுமானால் சுட்டவர் இடக்கைக்காரர். ஹார்லன் வலக்கைக்காரர். வெல்டா நிமிர்ந்தபோது ஐடெல்லா பொட்டலத்திலிருந்து ஒரு டோனட்டை எடுத்து க்ளீட்டிடம் நீட்டிக்கொண்டிருந்தார். இடது கையால்.

ஞாயிற்றுக்கிழமைப் பாடகர் குழுவில் இருபது வருடமாக வெல்டாவுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவர் ஐடெல்லா. வெல்டாவின் முழங்கால் அறுவை முடிந்தபோது வாரக்கணக்கில் சமைத்துக் கொண்டுவந்தவர். அவர் இப்போது வெல்டாவைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய மாட்டுத் தீவன விளம்பரத்தை அவ்வளவு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார். சுடவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் ஹார்லனுக்குப் படகு, ஐடெல்லாவுக்கு நிம்மதி. க்ளீட் மட்டும், தன்னை நம்பி வந்த க்ளீட் மட்டும், ஏமாந்துபோவான். வெல்டா தேவைக்கு மேல் நேரமெடுத்துக் கருவிகளை மாட்டினார்.

"சுட்டிருக்கு ஹார்லன்."

"என்னது?"

"சுட்டிருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல. தூக்கிட்டு நடந்துமிருக்கு. நல்லாப் பாத்துக்கிட்டிருக்காங்க, சுத்தமாத் துடைச்சிருக்காங்க. ஆனா சுட்டிருக்கு."

ஹார்லன் முகம் தக்காளியாகச் சிவந்தது. "அப்ப நான் பொய் சொல்றேன்ங்கிறியா? முப்பது வருஷமா என் வீட்டுல, என் அலமாரியில இருக்கு! சாவி என் ஆணியில தொங்குது!"

"யோவ், நல்லவேளைய்யா," என்று க்ளீட் டோனட் வாயோடு சிரித்தான். "என் படகைத் தூக்கிக் குடுத்திருப்பேன்."

"நீ சும்மா இருடா! வெல்டா, யார் சுட்டதுன்னு நீயே சொல்லு!"

"யார் சுட்டாங்கிறது விலையில சேராது," என்றார் வெல்டா. "அது என் வேலை இல்ல."

ஐடெல்லா விளம்பரத்தை விட்டுத் திரும்பினார். விரலில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்துக்கொண்டார்.

"நான்தான் ஹார்லன்."

தீவன மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒருவர் அப்படியே நின்றார்.

"நீ வருஷா வருஷம் கூட்டாளிங்களோட மலை முகாமுக்குக் கிளம்பிடுவ. நல்ல துப்பாக்கியெல்லாம் அள்ளிட்டுப் போயிடுவ. வீட்டுல மிச்சம் இது ஒண்ணுதான். நம்ம வைக்கோல் வயலுக்குப் பின்னாடி எல்க் மான் கூட்டமா வந்து நிக்குது. நான் என்ன பண்ணுவேன், டாட்டா காட்டி அனுப்பவா? லைசென்ஸ் வாங்கிட்டுத்தான் சுட்டேன்."

"ஆனா... கறி... அது உன் அண்ணன் நார்பர்ட் குடுக்கிறது இல்ல?"

"நார்பர்ட்டுக்கு வாசல்ல நிக்கிற பசுவைச் சுடத் தெரியாது. இழுத்துப் போட ட்ராக்டர் கொண்டு வருவான், அவ்வளவுதான். முகாம்லேர்ந்து வெறுங்கையோட திரும்பி வர்ற உன்கிட்ட நான் அடிச்சேன்னு எப்படிச் சொல்றது? பாவமா இருந்துச்சு."

ஹார்லனுக்கு வரிசையாக ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு நவம்பரும் நார்பர்ட்டின் தோளைத் தட்டி, 'நீதான்யா வேட்டைக்காரன்' என்று விருந்து மேசையில் விஸ்கிக் கோப்பை உயர்த்தியது. அவர் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். க்ளீட் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மெல்வதை நிறுத்தியிருந்தான்.

"மொத்தம் எத்தனை?"

"ஏழு. எட்டாவது ஓடைக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு. பக்கத்துப் பண்ணை எல்லை, விட்டுட்டேன்."

"எவ்ளோ தூரத்துல?"

"கடைசியா அடிச்சது வேலியோரம். முந்நூறு கெஜம் இருக்கும்."

"முந்நூறா!" ஹார்லன் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தார். அவர் கத்தப்போகிறார் என்றுதான் வெல்டா நினைத்தார். வந்ததோ சிரிப்பு, முதலில் மூக்கு வழியாக, பிறகு தொப்பை குலுங்க. "முந்நூறு கெஜமாம் க்ளீட்! நான் இருக்கிற முகாம்ல எவனும் நூத்தைம்பதைத் தாண்டினதில்லடா!"

"அப்ப அவங்களைக் கூட்டிட்டுப் போயிட்டு உன்னைச் சமைக்கச் சொல்லலாம்," என்றான் க்ளீட். இப்போது மூட்டைக்காரரும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் ஹார்லன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொழிலுக்கு வந்தார். "சரி வெல்டா. இப்ப விலை என்ன?"

"சேகரிக்கிறவனுக்கு ஒண்ணுமில்ல, ஒரு தங்க மான்தான். விக்கிறதா இருந்தா எழுநூறு டாலர் வாங்கித் தரேன்." வெல்டா கட்டையை இன்னொருமுறை தடவினார். "ஆனா நான் இந்த மேசைக்கு வந்ததுலேர்ந்து இந்த எண்ணூறுல நாலு பாத்திருக்கேன். வயித்துக்குச் சோறு போட்டது இது ஒண்ணுதான். நானா இருந்தா விக்க மாட்டேன்."

"விக்கலை," என்றார் ஹார்லன் உடனே. "படகு கிடக்குது. சனிக்கிழமை பருவம் திறக்குது." பெட்டிக்குள் வைத்துக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினார்.

வெல்டா போல்ட்டை மாட்டினார். தோட்டா அறை காலியாக இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தார். பூப்போட்ட கையுறையோடு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார். நீட்டியபடி இருந்த ஹார்லனின் கைகளைக் கடந்துபோய், ஐடெல்லாவிடம் கொடுத்தார்.